அக்கினி மலையடியில் அன்னை ஆலயம்

பாலித் தீவில் மூன்று நாள் தரைவழி யாத்திரை. முதல் நாள் தீர்த்த எம்புல் சுனையில் புனித நீராடினோம். மறுநாள் பாத்தூர் எரிமலையையும் அதன் அடியில் விரிந்த ஏரியையும் கண்டோம். மூன்றாம் நாள், 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஆகுங் எரிமலைச் சரிவிலுள்ள பெசாகி ஆலயத்தை அடைந்தோம். இதனை ‘அன்னை ஆலயம்’ எனப் போற்றுகின்றனர். மூன்று பத்மாசனங்களில் சிவன், சதாசிவன், பரமசிவன் என ஈசனுக்கு வழிபாடு நடைபெறுகிறது.

1963-ல், நூறாண்டுக்கு ஒருமுறை நிகழும் ஏகாதச ருத்ர வழிபாட்டின்போதே மலை வெடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நெருப்புக் குழம்போ ஆலயத்தைத் தொடாமல் விலகிச் சென்றது. அவ்வழிபாட்டை 1979-ல் மீண்டும் நடத்தி நிறைவு செய்தனர்.

எங்கள் கார் ஓட்டுநரின் பாட்டனாரும் அவ்வெடிப்பில் மறைந்தவர். “இம்மலைமீது கோபம் இல்லையா, தம்பி?” என வினவினேன். அது உதிர்த்த சாம்பலில்தான் எங்கள் வயல் விளைகிறது என்றார் அவர்.

பூசகர் தீர்த்தம் தெளித்தார். நனைந்த அரிசியை நெற்றியில் பதித்துக்கொண்டோம்.

துணைவியார் மறைந்தபின் ஈராண்டுகளாக நான் திருநீறு அணியவில்லை. இறைவனிடம் அத்தனை வருத்தம். அன்று மாலை, மகள் வைத்தனுப்பிய திருநீற்றுச் சம்புடத்தைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்தேன்.