டவர் கிடைக்கலையா, தம்பி?

கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டுப் பக்கமிருந்து ஏறும் மலைச்சாலை இருபதாம் நூற்றாண்டில்தான் வந்தது. அதற்கு முன்பு மேலே போக நினைத்தவர்கள் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து மலையைப் பிடித்து ஏறினார்கள். 1821இல் பழனி மலைத்தொடரை அளக்க வந்த லெப்டினன்ட் வார்டு, வெள்ளகவி என்ற மலைக்கிராமத்திலிருந்துதான் மேலே ஏறிப் போனார். அமெரிக்க மிஷனரிகள் மேலே பங்களா கட்டியது 1845இல். இன்று நாம் கொடைக்கானல் என்று சொல்லும் ஊருக்கு முன்பே அந்தப் பாதையும் அதன் நடுவில் வெள்ளகவியும் இருந்தன.

இன்றைக்கும் வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறையைத் தாண்டி இறங்கினால் வெள்ளகவி வரும். இன்னும் இறங்கினால் கும்பக்கரை அருவி. ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்; ஊரே கோயில் என்பது அவர்கள் வழக்கம். நான் போன காலத்தில் விளைச்சல் மேலே போவதும், அரிசி பருப்பு உள்ளே வருவதும் குதிரை முதுகில்தான். இந்த மாதிரிப் பாதைகளைக் கையடக்க ஜிபிஎஸ் கருவியில் பிடித்து வரைபடத்தில் ஏற்றுவது என் பொழுதுபோக்கு. மலைக்கு நடை, சமவெளிக்கும் எஸ்டேட் மண்சாலைக்கும் சைக்கிள்.

"சேட்டிலைட் படத்திலேயே எல்லாம் தெரியுமே, நடந்து போய் எதற்கு?" என்று கேட்காத நண்பர் இல்லை. சோலைக்காட்டைச் சேட்டிலைட் படத்தில் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். காலிஃப்ளவர் பூவை மேலிருந்து பார்ப்பதுபோல மரத்தலைகள்தான் தெரியும். அடியில் ஆள் போகும் பாதை இருக்கிறதா, ஓடை ஓடுகிறதா, எதுவும் தெரியாது. இன்னொருவர் வரைந்த படத்தைப் பார்த்துக் காப்பி அடிக்கவும் முடியாது. 2004இல் லண்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் அடிப்படை விதியே அதுதான்: அடுத்தவன் வரைபடத்தில் கை வைக்காதே. காட்டுக்குள் பாதையை வரைய ஒரே வழி நடப்பது.

போன் இருக்கும்போது தனிக் கருவி வேண்டுமா என்பதும் நியாயமான கேள்விதான். நகரத்துக்குள் வேண்டாம். மலையில், ஈரக் கையால் தொட்டால் போன் திரை நான் சொன்னதைத் தவிர எல்லாவற்றையும் செய்கிறது. கருவியில் பட்டன் இருக்கிறது. இரண்டு பென்சில் பேட்டரி போட்டால் பகல் முழுக்க ஓடும். தீர்ந்தால் மலையடிவாரப் பெட்டிக்கடையில்கூட வேறு இரண்டு கிடைக்கும். போன் சார்ஜை ஆபத்துக்கு என்று மிச்சம் பிடிக்கலாம்.

கருவி இடத்தைக் கண்டுபிடிப்பது இப்படி: சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தை அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. கருவி அதைக் கேட்டு, சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தைத் தூரமாக்குகிறது. குறைந்தது நான்கு கோள்கள் வேண்டும். மூன்று இடத்தைச் சொல்ல. நான்காவது, கருவிக்குள் இருக்கும் மலிவான கடிகாரத்தைத் திருத்த. வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 300 மீட்டர் தள்ளிப் போய்விடும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை அமெரிக்க அரசே பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை சேர்த்து வந்தது. அப்போது கருவி 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். கடலில் அது போதும். மலையில் 100 மீட்டர் என்பது அடுத்த பள்ளத்தாக்கு. கிளிண்டன் அரசு அந்தப் பிழையை நிறுத்திய பிறகுதான் ஒற்றையடிப் பாதையை வரைவது என்ற பேச்சுக்கே இடம் வந்தது.

அதற்காகக் கோடு கச்சிதமாக விழுந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. செங்குத்தான பாறையை ஒட்டி நடக்கும்போது பாதி வானம் மறைந்துவிடுகிறது. சில சிக்னல்கள் எதிர்ப்பாறையில் பட்டுத் திரும்பி, சுற்றுவழியில் வந்து சேர்கின்றன. மழை நனைத்த இலைக்கூட்டம் இன்னும் கொஞ்சத்தைத் தின்றுவிடும். ஒரே பாதையில் இறங்கி, அதே பாதையில் ஏறி, வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால் இரண்டு கோடுகள் பின்னியும் விலகியும் கிடக்கும். பாதை இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ. இன்னும் நாலு பேர் நடந்து அவர்கள் கோடுகளும் மேலே விழுந்தால்தான் நடுவு தெரியும்.

சைக்கிள்காரருக்கு வேறு தொல்லை. கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். கருவி பத்து வினாடிக்கு ஒரு புள்ளி வைக்கும்படி அமைத்திருந்தால், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறவரின் இரண்டு புள்ளிகளுக்கு இடையே 110 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். வளைவு முழுசாகக் காணாமல் போய், ஆள் மலைச்சரிவைக் குறுக்கே பறந்து கடந்ததாகக் கோடு சொல்லும். அவரே மேலே ஏறும்போது மணிக்கு எட்டு கிலோமீட்டர்தான் மிதிப்பார்; புள்ளிகள் 22 மீட்டருக்கு ஒன்றாக விழும்; வளைவு ஓரளவுக்காவது உருவத்தோடு வரும். வினாடிக்கு ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை குறையும். ஆனாலும் மலைத்தடம் எடுக்க வேண்டுமானால் ஏறும்போது எடு என்பது எங்கள் கூட்டத்தில் பழமொழி மாதிரி. மூச்சு வாங்குகிறவனின் தடம்தான் நல்ல தடம்.

உயரம் இன்னும் சுவாரசியமானது. பூமி வழுவழுப்பான உருண்டை இல்லை. ஈர்ப்பு எங்கும் ஒரே மாதிரி இல்லாததால் கடல்மட்டமே சில இடங்களில் மேடாகவும் சில இடங்களில் பள்ளமாகவும் நிற்கிறது. உலகத்திலேயே ஆழமான பள்ளம் நமக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. கணித வடிவத்துக்கு 100 மீட்டருக்கும் மேல் கீழே. அதன் ஓரத்தில்தான் நாம் வாழ்கிறோம். எந்தத் திருத்தமும் செய்யாத ஜிபிஎஸ் கணக்கைக் கன்னியாகுமரிக் கரையில் நின்று பார்த்தால், நீங்கள் கடலுக்கு அடியில் பல பத்து மீட்டர் ஆழத்தில் நிற்பதாகச் சொல்லும். கருவிகள் உள்ளே ஓர் அட்டவணையை வைத்துக்கொண்டு இதைத் திருத்திக் காட்டுகின்றன.

உயரத்தை அளக்க நல்ல கருவிகளில் காற்றழுத்தமானியும் இருக்கும். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. நம் வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது: காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நாலு மணி வாக்கில் தாழ்வு. வித்தியாசம் மூன்று நான்கு மில்லிபார் இருக்கலாம். ஒரு மில்லிபாருக்கு எட்டிலிருந்து பத்து மீட்டர் என்று கணக்கு. காலையில் வட்டக்கானல் டீக்கடை பெஞ்சில் கருவியை வைத்துவிட்டு, மாலையில் வந்து பார்த்தால், பெஞ்ச் முப்பது மீட்டர் உயர்ந்திருக்கும். இரண்டு நண்பர்கள் ஒரே பாதையில் வெவ்வேறு நேரத்தில் ஏறிவிட்டு, யார் அதிகம் ஏறியது என்று சண்டை போடுவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இத்தனை குறைகளையும் தாண்டி ஓர் இடத்தை நன்றாகக் குறிக்க ஒரு வழி இருக்கிறது. பெரும்பாலான கைக்கருவிகளில் சராசரி எடுக்கும் வசதி உண்டு. பாதை பிரியும் இடத்திலோ, ஓடையைக் கடக்கும் இடத்திலோ பட்டனை அழுத்திவிட்டு அசையாமல் நிற்க வேண்டும். சில நிமிடங்கள் அது புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். போதாதென்று, ஒன்றரை மணி நேரமாவது கழித்து மறுபடி அதே இடத்துக்கு வந்து நிற்கச் சொல்வார்கள். அதற்குள் வானத்தில் கோள்கள் இடம் மாறியிருக்கும். மலையில் ஒன்றும் செய்யாமல் நிற்பது சிரமம். கால் நடக்கச் சொல்லும், அட்டை ஏறும், கூட வந்தவர்கள் முறைப்பார்கள்.

பழைய சர்வேயர்களுக்கு நிற்பதுதான் வேலையே. 1802இல் பரங்கிமலைப் பக்கத்தில் நில அளவையைத் தொடங்கிய லாம்டன், அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியை மலை மலையாக, கோபுரம் கோபுரமாக ஏற்றினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது அது சுவரில் மோதிச் சேதமானது. அவரே உட்கார்ந்து வாரக்கணக்கில் நெளிவெடுத்தார். மூட்டம் விலகி எதிர்மலை தெரியும்வரை அவர்கள் காத்திருந்தார்கள். ஓர் ஊரில் காத்திருப்பவனிடம் ஊர் பேசும். நமக்குப் பாக்கெட்டில் அளவைக் கருவி வந்த பிறகு அந்தக் காத்திருப்பு போய்விட்டது. மிச்சம் இருப்பது இந்தச் சில நிமிடங்கள்.

வெள்ளகவிக்கு மேலே ஓரிடத்தில் அப்படி நின்றுகொண்டிருந்தேன். பாதை இரண்டாகப் பிரிந்தது: ஒன்று வலப்பக்கம் சரிவில் இறங்கியது, மற்றது இடப்பக்கம் மரங்களுக்குள் நுழைந்தது. கருவியை உள்ளங்கையில் வானம் பார்க்கப் பிடித்திருந்தேன். கீழேயிருந்து பொதிக்குதிரையோடு ஒருவர் ஏறி வந்தார். தலையில் துண்டு, வெறுங்கால். என்னைப் பார்த்து நின்றார்.

"என்ன தம்பி, டவர் கிடைக்கலையா?"

"டவர் இல்லண்ணே. இந்த இடத்தைக் குறிச்சுக்கிறேன்."

"இங்க என்ன இருக்கு குறிக்க?"

"பாதை ரெண்டாப் பிரியுதுல்ல."

"எங்க பிரியுது? அது மாட்டுத்தடம். ஓடைக்குப் போயி அதோட நின்னுரும்."

குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொண்டே அவர் சொல்லிக்கொண்டு போனார். வலப்பக்கப் பாதைதான் பாதை, ஆனால் ஐப்பசி மழையில் அது இல்லை. ஓடை இறங்கிவிட்டால் குதிரை காலை வைக்காது. அப்போது மேலே போய், பாறையைச் சுற்றி வேறு வழியாக வர வேண்டும். அந்த வழி இப்போது புல் மூடிக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. பாறைக்குப் பக்கத்தில் ஊற்று ஒன்று உண்டு, கோடையிலும் வற்றாது. இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "அதை மட்டும் அதுல போட்டுறாத தம்பி. தண்ணி இருக்குன்னு தெரிஞ்சா டென்ட் அடிக்க ஆள் வந்துரும்" என்றார். கருவி சிணுங்கியது. சராசரி எடுத்து முடிந்திருந்தது.

அவர் சொன்னதில் ஒன்றைக்கூட எந்தச் செயற்கைக்கோளும் சொல்லியிருக்காது. நான் நடந்துகொண்டே இருந்திருந்தால் வணக்கம் சொல்லிக் கடந்திருப்பேன். மாட்டுத்தடத்தைப் பாதை என்று வரைந்து, மழைக்காலத்தில் ஒருவரை ஓடைக்குள் இறக்கிவிட்டிருக்கும் என் வரைபடம். கருவியின் துல்லியத்தைக் கூட்ட நின்றது உண்மைதான். அதில் கூடிய துல்லியம் இரண்டு மூன்று மீட்டர் இருக்கலாம். கூடவே வந்த தகவலுக்கு மீட்டர் கணக்கு கிடையாது.

வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலை இதன் மறுபாதி. தடம் பதிவான ஜிபிஎக்ஸ் கோப்பைத் திறந்தால் சாப்பிட உட்கார்ந்த இடங்களில் கோடு கிறுக்கியிருக்கும். அதை வெட்ட வேண்டும். பிறகு பாதைக்கு விவரம் எழுத வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அதற்குப் பல கட்டங்கள் உண்டு: தரை மண்ணா கல்லா, தடம் கண்ணுக்கு எவ்வளவு தெரிகிறது, சைக்கிள் போகுமா, ஸ்விஸ் ஆல்பைன் கிளப்பின் ஆறு படிகளில் எந்தப் படிச் சிரமம், அனுமதி வேண்டுமா. பலர் கோட்டை வரைந்துவிட்டு இந்தக் கட்டங்களைக் காலியாக விடுகிறார்கள். எனக்கு இவற்றை நிரப்பத்தான் நேரம் ஆகிறது, ஏனென்றால் ஒவ்வொரு கட்டத்துக்கும் யாரையாவது கேட்டிருக்க வேண்டும்.

அனுமதிக் கட்டத்தை மட்டும் யாரும் காலியாக விடக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த ஆண்டே வனப்பகுதி மலையேற்றத்துக்குத் தமிழ்நாடு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024இல் ட்ரெக் தமிழ்நாடு என்ற பெயரில் 40 பாதைகளை, வழிகாட்டியோடும் முன்பதிவோடும், திறந்துவிட்டது. வரைபடத்தில் ஒரு கோடு இருந்தால் போகலாம் என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக மூணாறு போகும் பழைய சாலை பல வரைபடங்களில் இன்னும் ஓடுகிறது. அது மூடிப் பல காலம் ஆகிவிட்டது. அதை நம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் செக்போஸ்டில் திரும்புகிறார்கள்.

அந்த ஊற்றை நான் ஏற்றவில்லை. சுற்றுவழியை ஏற்றினேன், மழைக்காலத்துக்கு மட்டும் என்ற குறிப்போடு. நம்மை நம்பி ஒருவர் சொன்னதை எவ்வளவு வெளியிடலாம் என்பதற்குக் கட்டம் எதுவும் இல்லை. வரைகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

புதிதாகக் கருவி வாங்கப்போகும் இளைஞர்கள் எதை வாங்கலாம் என்று கேட்கிறார்கள். எத்தனை நாட்டுக் கோள்களைப் பிடிக்கும், இரண்டு அலைவரிசை உண்டா, வண்ணத் திரையா என்றெல்லாம் பட்டியல் போட்டுக்கொண்டு வருகிறார்கள். எல்லாம் நல்லதுதான், பணம் இருந்தால் வாங்குங்கள் என்கிறேன். சராசரி எடுக்கும் வசதி இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பார்க்கச் சொல்கிறேன். பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் அது உங்களை நிற்க வைக்கும். யாராவது வந்து டவர் கிடைக்கவில்லையா என்று கேட்பார்கள். அங்கிருந்து பேச்சைத் தொடங்கிக்கொள்ளலாம்.