நிற்கிற மரத்தை அளந்து விற்றேன்

2002-ம் வருஷம் ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கவில்லை. குறுவை போனது. கடனை அடைக்க, கொல்லையில் நின்ற தேக்கு மரங்களை அப்பா விற்றார். வியாபாரி மரத்தைச் சுற்றி வந்தார், அண்ணாந்து பார்த்தார், ஒரு தொகை சொன்னார். அப்பா தலையாட்டினார். அதில் எவ்வளவு விட்டோம் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அளந்திருந்தால்தானே தெரியும்!

தஞ்சாவூர்ப் பக்கம் தேக்கு புதிதல்ல. வாய்க்கால் கரைகளில் வனத்துறையே தேக்கு வளர்த்த பூமி இது. அதைப் பார்த்துத்தான் நானும் 1998-ல் வரப்போரம் 14 கன்றுகள் நட்டேன். போன தையில், மகள் கல்யாணத்துக்காக விற்க நினைத்தேன். வந்த வியாபாரியும் அதே மாதிரி சுற்றி வந்து, "எல்லாம் சேர்த்து 140 கன அடி தேறும்" என்றார்.

அன்று அக்கா மகன் வீட்டில் இருந்தான். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் படிக்கிறவன். "மாமா, நிக்கிற மரத்தை வெட்டாமலே அளக்க லேசர் மெஷின் இருக்கு" என்றான்.

சர்வேயர் கருவி போல மூன்று கால் ஸ்டாண்டில் நிற்குமாம். சுழன்றபடி லேசர் ஒளியை அனுப்பி, அது மரத்தில் பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். லட்சக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து, மரத்தின் உருவம் கம்ப்யூட்டரில் எழும். ஒரு பக்கமிருந்து பார்த்தால் மரத்தின் முதுகு தெரியாது என்பதால், பல இடங்களில் வைத்து அளப்பார்கள். டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனத்தார் காட்டு மரங்களை இப்படி அளந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 65 யூகலிப்டஸ் மரங்களை லேசரில் அளந்து, பிறகு வெட்டி எடை போட்டார்கள். 2015-ல் வெளியான முடிவின்படி, லேசர் கணக்கு உண்மை எடையைவிடச் சுமார் 10 சதவிகிதம் கூடுதல். வழக்கமான சூத்திரங்களோ 30 முதல் 37 சதவிகிதம் வரை குறைவு.

லேசருக்கும் குறை உண்டு. காற்றில் மரம் ஆடினால் உருவம் கலங்கும். உள்ளே பொந்தா, வைரம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. விலையோ லட்சக்கணக்கில். சில ஐபோன்களில் சின்ன லேசர் இருக்கிறது. ஆனால், அது எட்டுவது 5 மீட்டர்தான்.

"அப்ப நமக்கு என்னடா பிரயோஜனம்?" என்றேன்.

"மேல போகப் போக மரம் எவ்வளவு மெலியுதுன்னு காட்டுறதுதான் அதோட பலம். நம்ம மரத்துக்கு ஒரு ஏணியும் டேப்பும் போதும் மாமா."

ஏணி வைத்து ஏறினோம். கிளை பிரியும் வரை அடிமரம் 20 அடி என்றால், நடுவில், அதாவது 10 அடி உயரத்தில் சுற்றளவு எடுத்தோம். அதை நாலால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்க வேண்டும். சுற்று 4 அடி, நீளம் 20 அடி என்றால் 20 கன அடி. மரவியாபாரத்தில் புழங்கும் கணக்கு இதுதான். உருளைக்கான சரியான கணக்குப்படி அதே மரம் 25 கன அடியைத் தாண்டும். பட்டை, அறுப்புச் சேதாரம் என்று அந்த வித்தியாசம் வாங்குகிறவர் பக்கம் போய்விடுகிறது.

அவர்கள் கணக்குப்படியே 14 மரமும் 190 கன அடி வந்தது. நோட்டை நீட்டினேன். வியாபாரி தானே ஏணியில் ஏறி இரண்டு மரங்களை அளந்தார். இறங்கியவர் மறுபேச்சு பேசவில்லை. கன அடிக்கு இவ்வளவு என்று 190-க்கே முடித்தார். கூடுதலாக வந்த 50 கன அடியில் பந்திச் செலவு முடிந்தது.

மரம் வைத்திருக்கிறவர்கள், ஆள் வருவதற்கு முன்பே அளந்து எழுதிவையுங்கள். வெட்டுவதற்கு என்ன அனுமதி வேண்டும் என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பா விற்ற தேக்கின் அடிக்கட்டைகளில் துளிர்த்து வளர்ந்த நாலு மரங்கள் இன்னும் கொல்லையில் நிற்கின்றன. இந்தத் தையில் அவற்றையும் அளந்து, நோட்டில் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.