மழைக்கு முந்திய நாள்

ஜெர்மனியில் மறைப்பணியாற்றும் நம் குருமட நண்பர் ஒருவர், சென்ற ஆண்டு அக்டோபர் தொடக்கத்தில் தொலைபேசியில் பேசியபோது, "இன்றுதான் காருக்குக் குளிர்கால டயர் மாற்றினேன்" என்றார். பனி விழத் தொடங்கிவிட்டதா என வினவினோம். "இல்லை, இங்கே நல்ல வெயில்" என்று சிரித்தார்.

'அக்டோபர் முதல் உயிர்ப்பு ஞாயிறு வரை' என்பது அந்நாட்டு மக்களின் வாய்மொழி விதியாம். அவர்கள் மொழியில் இவ்விரு பெயர்களும் 'ஓ' என்னும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் எளிதில் நினைவில் நிற்கிறது. உயிர்ப்பு ஞாயிறோ முழுநிலவைக் கொண்டு கணிக்கப்பெற்று, மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையே வருவது. ஆக, டயர்க் கடைக்காரரும் திருச்சபையின் நாள்காட்டியைப் பார்க்க வேண்டியிருக்கிறது! ஜெர்மானியச் சட்டம் தேதி எதையும் குறிப்பதில்லை. பனியோ உறைநீரோ படிந்த சாலையில் செல்லும் வண்டிக்கு அத்தகைய டயர் இருந்தாக வேண்டும் என 2010-இல் தெளிவாக வரையறுத்தது. நம் தமிழர் பலர் குடியேறியுள்ள கனடாவின் கியூபெக் மாநிலத்திலோ, டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை என நாளே குறிக்கப்பட்டுள்ளது.

காரணம் எளியது. வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானத்தை இழக்கத் தொடங்குகிறது. குளிர்கால டயரின் ரப்பரோ குளிரிலும் நெகிழ்வோடு இருக்கிறது. ஆகவே பனியைக் கண்ட பிறகு மாற்றுவோம் என்றிருப்பவர், வழுக்கும் சாலையிலேயே கடை தேடிச் செல்ல நேரிடும்.

நண்பர் பேசி முடித்தபின் நெடுநேரம் நமக்கு உறக்கம் வரவில்லை. காஞ்சிபுரத்தில் பனி ஏது? ஆனால் நமக்கும் ஒரு பருவம் உண்டு. அக்டோபர் 20-ஐ ஒட்டி வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அந்த மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. 2015-ஆம் ஆண்டின் நவம்பர், டிசம்பர் மழையை இம்மாவட்டத்தார் மறக்க இயலுமா?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு புரட்டாசி மாதத்தில், பஞ்சர் ஒட்டச் சென்ற இடத்தில் டயர்க் கடைத் தம்பி எச்சரித்தார்: "ஃபாதர், பட்டன் சுத்தமா இல்ல. மழைக்கு முன்னாடி மாத்திடுங்க." வரிப்பள்ளங்களின் அடியிலுள்ள சிறு மேடுகளைத் தொட்டும் காட்டினார். டயர் அம்மேடுகளின் மட்டத்திற்குத் தேய்ந்துவிட்டால் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் என்று பொருள். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் காருக்கு வகுத்துள்ள எல்லையும் அதுவே. நாம் தலையசைத்து வந்துவிட்டோம். கோவில் கூரைக்கு ஓடு மாற்ற வேண்டியிருந்தது. வண்டியும் குறையின்றி ஓடிற்று. அடுத்த மாதம் பார்ப்போம் என்று எண்ணினோம்.

நம்மைச் சுற்றியிருந்த நெசவாளர் எவரும் அவ்வாறு எண்ணவில்லை. மழை பிடித்துக்கொண்டால் வீதியில் பாவு விரிக்க முடியாது. நெய்பவர் கால் வைக்கும் தறிக்குழியில் நீர் ஊறிவிடும். எனவே வெயில் உள்ளபோதே பாவு வேலைகளை முடித்து, வாசலில் மண் அணைத்து, ஒழுகும் இடங்களை அடைத்துவிடுவார்கள்.

ஐப்பசியில் ஒரு மாலை, பாலாற்றுக்கு அப்பாலுள்ள சிற்றூரிலிருந்து அழைப்பு வந்தது. முதிய நெசவாளர் ஒருவர் இறுதிநிலையில் இருந்தார். குருவிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்கிறாராம். கொட்டும் மழையில் புறப்பட்டோம். நீர் தேங்கிய ஒரு வளைவில் வண்டி நம் சொல்லைக் கேட்கவில்லை. சக்கரத்திற்கும் சாலைக்கும் இடையே புகும் நீரை வெளியேற்றுவன அவ்வரிப்பள்ளங்களே. அவை தேய்ந்துவிட்டமையால் டயர் நீரின்மேல் மிதந்தது. வண்டி சறுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. நமக்குக் காயமில்லை. திருஎண்ணெயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்து சேர ஒரு மணி நேரத்திற்கு மேலாயிற்று.

பெரியவர் நினைவிழந்திருந்தார். பாவமன்னிப்பு அளித்தோம்; நோயில்பூசுதல் வழங்கினோம். விடியுமுன் அவர் இறைவனடி சேர்ந்தார். அவருடைய மகன் நம் கைகளைப் பற்றிக்கொண்டு, "மூணு நாளா உங்களைத்தான் கேட்டாரு சாமி. மழை விடட்டும்னு நாங்கதான் இருந்துட்டோம்" என்று அழுதார். அவருக்கு ஆறுதல் சொல்ல நமக்கு என்ன தகுதி இருந்தது?

இறையருள் நம் கார் வந்து சேரும்வரை காத்திருப்பதன்று என்பதை இறையியல் நமக்குக் கற்பித்திருக்கிறது. அதை முழுமையாக நம்புகிறோம். ஆயினும் அம்முதியவர் சொல்ல விரும்பிய சொல்லைக் கேட்க ஒரு செவி இல்லாமற் போயிற்று. அது நம் செவியாக இருந்திருக்க வேண்டும்.

உலர்ந்த சாலையில் தேய்ந்த டயரும் நன்றாகவே ஓடும். நம்மை ஏமாற்றியது அதுதான். நம் உள்ளத்தின் தேய்மானமும் இத்தகையதே. உடல் நலமும் வருவாயும் உள்ளவரை, பேசாமல் விட்ட உடன்பிறப்பும், தள்ளிப்போட்ட ஒப்புரவும், குறைந்துபோன செபமும் நம்மைத் தடுக்கி விழச் செய்வதில்லை. எல்லாம் சரியாகவே ஓடுகின்றன. ஆண்டவர் கூறிய உவமையில் அறிவிலிகளான கன்னியரின் விளக்குகளும் தொடக்கத்தில் எரிந்துகொண்டுதான் இருந்தன. திருச்சபை நமக்குத் திருவருகைக் காலத்தைத் தந்திருப்பதும் விழா நாளன்று விழித்தெழுவதற்கன்று, அதற்கு முன்பே ஆயத்தமாவதற்கே.

அந்நிகழ்வுக்குப் பின் நாமும் ஒரு நாள் குறித்துக்கொண்டோம். செப்டம்பர் 29, அதிதூதர்களான மிக்கேல், கபிரியேல், இரபேல் ஆகியோரின் விழா. இளைஞர் தோபியாவுக்கு வழித்துணையாகச் சென்றவர் இரபேல் அன்றோ! அன்று காலைத் திருப்பலி முடிந்ததும் வண்டியை டயர்க் கடையில் நிறுத்தி, குனிந்து, அச்சிறு மேடுகளை விரலால் தொட்டுப் பார்க்கிறோம். மாலையில் நாமும் ஒரு குருவிடம் சென்று ஒப்புரவு பெறுகிறோம். பெரும்பாலும் அன்று காஞ்சியில் நல்ல வெயில்தான்.