பன்றி காப்பாற்றிய ஊர்

ஆபீஸ் வேலையாக மூன்று வாரம் ம்யூனிக் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அங்கே கடைகளையெல்லாம் சாத்திவிடுகிறார்கள். ஓட்டல் ரூமில் துவைத்துப் போட்ட பனியன் காய்வதை எவ்வளவு நேரம்தான் வேடிக்கை பார்ப்பது?

"நெர்ட்லிங்கன் போய்ட்டு வாங்க. வைரக் கல்லால கட்டின ஊர்" என்றார் கூட வேலை பார்க்கும் ஜெர்மன்காரர்.

வைரமா! சனிக்கிழமை காலை முதல் ரயிலில் நான்.

விஷயம் உண்மைதான் சார். ஒன்றரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் சுமார் ஒரு கிலோமீட்டர் அகல விண்கல் ஒன்று இங்கே வந்து மோதியது. 25 கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளம். மோதிய வேகத்தில் பாறையிலிருந்த கிராஃபைட் வைரமாகிவிட்டது. அந்தப் பாறையை வெட்டித்தான் செயின்ட் ஜார்ஜ் சர்ச்சைக் கட்டியிருக்கிறார்கள். சுவரை நகத்தால் லேசாகச் சுரண்டினேன். ஒரு பாட்டி முறைத்தாள். வைரமெல்லாம் மைக்ராஸ்கோப்பில்தான் தெரியுமாம்!

இந்தப் பள்ளத்தை ரொம்ப காலம் எரிமலை வாய் என்றே நினைத்திருந்தார்கள். 1960-ல் யூஜீன் ஷூமேக்கர் என்ற அமெரிக்க விஞ்ஞானி வந்து பாறையைப் பார்த்த பிறகுதான் குட்டு உடைந்தது. 1970-ல் சந்திரனுக்குப் போகவிருந்த அப்போலோ-14 வீரர்கள், பாறை பார்த்துப் பழக இங்கேதான் வந்தார்கள்.

வாடகை சைக்கிளில் ஊருக்கு வெளியே போனேன். கோதுமை, மக்காச்சோளம், நடுநடுவே சின்னச் சின்ன கிராமங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தூரத்தில் தாழ்வான குன்றுகளின் விளிம்பு. பெரிய தாம்பாளத்தில் எறும்பு ஊர்வது மாதிரி மிதித்தேன். டிராக்டரில் வந்த விவசாயி தலையசைத்துவிட்டுப் போனார். பூமியே கிடுகிடுத்த இடத்தில் மனுஷர் நிதானமாக உழுதுகொண்டிருக்கிறார்!

சாயங்காலம் ஊரைச் சுற்றியுள்ள மதில்மேல் நடந்தேன். முழு வட்டம், 2.7 கிலோமீட்டர், ஐந்து வாசல்கள். அதில் ஒரு வாசலுக்கு ஒரு கதை. 1440-ல் எதிரியிடம் லஞ்சம் வாங்கிய காவல்காரன் கதவைத் தாழ் போடாமல் விட்டுவிட்டான். ஒரு பன்றி அதில் முதுகைத் தேய்க்க, கதவு அசைந்தது. அந்தப் பக்கமாக வந்த பெண் ஒருத்தி பார்த்துக் கூச்சல் போட்டாள். ஊர் பிழைத்தது.

அன்றிலிருந்து, ராத்திரி பத்து முதல் பன்னிரண்டு வரை அரை மணிக்கொரு தரம், 90 மீட்டர் உயர சர்ச் கோபுரத்தின் மேலிருந்து காவல்காரர் குரல் கொடுக்கிறார். "ஸோ, க்ஸெல், ஸோ!" 350 படி ஏறிப் போய் இதற்கு ஒரு ஆளா? 'எங்க ஆபீஸ்லயும் இப்படி ஒரு சீட் இருக்கு' என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

பத்து மணிக்குக் கோபுரத்தடியில் நின்றேன். தெருவில் ஈ காக்கை இல்லை. மேலே சின்ன வெளிச்சம். குரல் வந்தது. நீளமாக, அவசரமில்லாமல். சிரிப்பு வரவில்லை.

அப்பா ஒரு மில்லில் நைட் வாட்ச்மேன். மணிக்கொரு தரம் தண்டவாளத் துண்டில் மணி அடிப்பார். ஸ்கூல் ஃபாரத்தில் 'தகப்பனார் தொழில்' என்ற இடத்தில் 'மில் ஊழியர்' என்றுதான் எழுதுவேன். பத்து வருஷமும் அப்படியே எழுதினேன். அந்த ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டதும் அவர்தான். படித்துப் பார்த்தாரா என்று இன்றுவரை கேட்டதில்லை.

ஊரில் அப்போது ராத்திரி ஒன்றரை மணி. ரிட்டயராகி இத்தனை வருஷமாகியும் அந்த நேரத்துக்கு அவருக்குத் தூக்கம் வராது. போன் போட்டேன்.

"என்னடா, இந்நேரத்துல? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"நல்லா இருக்கேம்ப்பா. இங்கயும் ஒரு வாட்ச்மேன் இருக்கார். கோபுரத்து மேலேருந்து குரல் குடுக்கிறார்" என்று எல்லாக் கதையும் சொன்னேன், பன்றி உட்பட.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டார்:

"அவ்வளவு உசரமா? பாவம்டா... டீ யாரு கொண்டுபோய்க் குடுப்பாங்க?"