வம்சத்தில் இல்லாத வியாதி

"நம்ம வம்சத்துல அந்த வியாதியே கிடையாது!"

தேனியில் பஸ் ஏறிக் கூடலூரில் இறங்குவதற்குள் எத்தனை ஊர் வருமோ, அத்தனை ஊரிலும் இந்த வசனத்தைக் கேட்கலாம். சர்க்கரை, பிரஷர் என்றால் தாத்தா, கொள்ளுத்தாத்தா வரை தாராளமாக இழுப்பார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்றால் மட்டும் வம்சமே பரிசுத்தமாகிவிடும்.

'லேடீஸ் சமாச்சாரம்' என்று பக்கத்தைப் புரட்டப் பார்க்கும் பிரம்மச்சாரி சார், கொஞ்சம் நில்லுங்கள். இதற்குக் காரணம் ஹெச்.பி.வி. என்கிற வைரஸ். அதைக் கண்டுபிடித்த ஜெர்மன்காரர் ஹரால்ட் ஸுர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். தாம்பத்ய உறவில் தொற்றுவது. சரக்கை டெலிவரி பண்ணுவதில் நமக்கும் பங்கு உண்டு. பில் மட்டும் பெரும்பாலும் அவர்கள் பெயருக்குப் போகிறது.

சின்னமனூர் சித்தியைப் பரிசோதனை முகாமுக்குக் கூப்பிட்டேன். "ஏண்டா தம்பி, முப்பது வருசமா உங்க சித்தப்பா ஒருத்தர்கூடத்தான் குடும்பம் நடத்துறேன். எனக்கு எதுக்கு அந்த டெஸ்ட்டு? ஊரு என்ன பேசும்?" என்றார். சித்தப்பா அந்த நேரம் பார்த்து பேப்பரில் வாழைத்தார் விலையை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

ஊர் பேசுமே என்பதுதான் சிக்கலே. நோய் வந்தால் நடத்தையைச் சந்தேகிக்கிற ஊர். ஆனால் இந்த வைரஸ் பெரும்பாலானவர்களை வாழ்நாளில் ஒருமுறையாவது தொட்டுவிட்டுப் போகிறது. பத்துக்கு ஒன்பது தொற்று இரண்டு வருஷத்துக்குள் தானாகவே மறைந்துவிடும். மிச்சம் ஒன்று மட்டும் ஏன் தங்குகிறது? அதற்குப் பல காரணங்கள். அதில் ஒன்று, பிறக்கும்போதே கூட வந்த ஹெச்.எல்.ஏ. ஜீன்கள்.

குமுளி செக்போஸ்ட்டில் லாரியை நிறுத்தினால் தார்ப்பாயைத் தூக்கிச் சரக்கைக் காட்ட வேண்டுமில்லையா? நம் செல்களும் அப்படித்தான். உள்ளே இருக்கும் புரோட்டீன்களின் துணுக்கை ஒரு தட்டில் வைத்து வெளியே நீட்டும். ரோந்து வரும் வெள்ளை அணு, 'இது வைரஸ் சரக்கு' என்று கண்டுகொண்டால் அந்த செல்லையே காலி செய்துவிடும். அந்தத் தட்டுதான் ஹெச்.எல்.ஏ. ஆளுக்கு ஆள் அதன் வடிவம் மாறும். சில தட்டில் இந்த வைரஸின் துணுக்கு கச்சிதமாக உட்காரும். சிலதில் வழுக்கிவிடும்.

1991-ல் வாங்க், தாம்சன் என்ற இரண்டு ஜெர்மன் ஆய்வாளர்கள், டி.க்யூ.டபிள்யூ.3 என்ற வகை உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் ஆபத்து அதிகம் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். இந்தத் தட்டு வகைகளின் விகிதாச்சாரம் ஜனத்துக்கு ஜனம் மாறும். அத்தை மகள், மாமன் மகன் என்று உள்ளுக்குள்ளேயே முடித்துக்கொள்ளும் நம்மிடம் கேட்கவே வேண்டாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பிச்சப்பன் குழுவினர் தமிழ்நாட்டுச் சாதிகளின் ஹெச்.எல்.ஏ. வகைகளை 1984-லேயே ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் வம்சக் கணக்கு சரிதானே என்பீர்கள். பி.காம். படித்தவன் சொல்கிறேன், அங்கேதான் கணக்கு உதைக்கிறது. அப்பாவிடமிருந்து ஒரு செட், அம்மாவிடமிருந்து ஒரு செட். கூடப்பிறந்த இருவருக்கு இரண்டு செட்டும் ஒத்துப்போக நாலில் ஒரு வாய்ப்புதான். அக்கா தப்பித்ததை வைத்துத் தங்கைக்கு கியாரண்டி எழுத முடியாது. ராசியில்லாத தட்டு உள்ள எல்லோருக்கும் நோய் வருவதும் இல்லை. நல்ல தட்டுக்காரர் தப்பியே தீர்வார் என்பதும் இல்லை.

ஜீனைக் கேட்காமலே காப்பாற்ற முடியும் என்பதற்கு சாட்சி பக்கத்து திண்டுக்கல் மாவட்டம். 2000-ல் தொடங்கி அங்கே கிராமம் கிராமமாக 30 முதல் 59 வயதுப் பெண்களைப் பரிசோதித்தார்கள். ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரில் இருக்கிறதே, அதே அசெடிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறும் இடத்தைப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் சிகிச்சை. ஒரே ஒரு முறை இப்படிப் பார்த்ததில், இந்தப் புற்றுநோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது.

விடிவதற்குள் கம்பத்தில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்ணுக்கு முகாம் என்றால் ஒரு நாள் கூலி போச்சு. உங்களுக்கு அப்படியா? வருஷக் கடைசியில் வீணாகப் போகிற சி.எல். ஒன்றைப் போட்டுவிட்டு, அந்தக் கூலியையும் கையில் கொடுத்து, அம்மாவையோ அக்காவையோ கூட்டிக்கொண்டு போங்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். ஆம்பளைகள் யாரும் வருவதில்லை. இடம் தாராளமாகக் கிடைக்கும்.