கண் மூடாமைக்கு இரண்டு பெயர்கள்

பெய்ஜிங்கில் சீன மருத்துவம் பார்க்கும் மருத்துவமனைகளின் நோயாளர் ஏட்டில், நோயின் பெயரை எழுத இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று மேலை மருத்துவம் தரும் பெயருக்கு. மற்றொன்று சீன மருத்துவம் தரும் பெயருக்கு. தில்லியிலிருந்து ஓராண்டு மொழிப் பயிற்சிக்காகச் சென்றிருந்த ஒரு முனைவர் பட்ட ஆய்வு மாணவியின் ஏட்டில், முதற்கட்டத்தில் ‘ஷிமியென்’ என்றும் அடுத்ததில் ‘புமெய்’ என்றும் எழுதப்பட்டிருந்தன. அகராதியில் இரண்டுக்கும் ஒரே பொருள்தான்: தூக்கமின்மை. ஐந்து வாரங்களாக இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு விடியும்வரை கூரையைப் பார்த்துக் கிடந்தவர் அவர். ஆனாலும் மொழியியல் படித்த பழக்கம் எளிதில் விடுவதில்லை. ஒரு நோய்க்கு ஒரே தாளில் இரண்டு பெயர் எதற்கு என்ற ஐயமே அவருக்கு முதலில் எழுந்தது.

இந்த இரட்டை முகவரி இன்று சீனாவுக்கு மட்டும் உரியதன்று. உலக சுகாதாரப் பேரவை 2019 மே மாதத்தில் ஏற்றுக்கொண்ட பதினோராம் பன்னாட்டு நோய் வகைப்பாட்டில் உறக்கக் கோளாறுகள் 7ஆம் இயலில் உள்ளன. சீன மருத்துவத்தின் வேர்களைக் கொண்ட மரபுகள் வகுத்த நோய்ப்பெயர்களும் நோய்க்கோலங்களும் தனியாக 26ஆம் இயலில் இடம்பெற்றுள்ளன. ஒரே நூலுக்குள் இரண்டு இலக்கணங்கள்.

‘ஷிமியென்’ என்பதை உறுப்புகளாகப் பிரித்தால் ‘உறக்கத்தை இழத்தல்’ என்று வரும். கைவசம் இருந்த பொருள் தொலைந்ததுபோல. ‘புமெய்’ அதைவிடப் பழைய நடையைச் சேர்ந்தது. ‘பு’ எதிர்மறை, ‘மெய்’ உறங்குதல். (தமிழ்ச் செவிக்கு அது ‘மெய்’ என்றே விழுந்து சற்றே குழப்பும்.) தமிழில் தூக்கம் ஒரு விருந்தாளி. ‘எனக்குத் தூக்கம் வரவில்லை’ என்னும் தொடரில் எழுவாய் தூக்கமே. உறங்க வேண்டியவர் நான்காம் வேற்றுமையில் ஓர் ஓரமாக நிற்கிறார். மாணவி இந்த அமைப்பையே சீனத்தில் பெயர்த்து, ‘உறக்கம் வருவதில்லை’ என்று மருத்துவரிடம் சொன்னார். அறுபது வயதை எட்டியிருந்த அந்த அம்மையார் சிரித்துவிட்டு, “ஷுய் பு ஜாவ் என்று சொல்லு, பெண்ணே” என்று திருத்தினார். உறங்க முயன்றும் உறக்கத்தைத் தொட முடியவில்லை என்பது அதன் பொருள். அங்கே முயல்பவர் மனிதர். எட்டாமல் விலகி நிற்பது உறக்கம். நோயாளி தன்னைக் குற்றவாளியாக உணர்வதில் இலக்கணத்துக்கும் ஒரு பங்கு இருக்குமோ என்று மாணவி அன்றைய குறிப்பேட்டில் எழுதினார். அது மிகைபட்ட ஊகம்தான். இருந்தாலும் இரண்டு மணிக்கு விழித்துக் கிடப்பவருக்கு அத்தகைய ஊகங்களுக்கு நேரம் நிறைய உண்டு.

ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய ‘ஹுவாங்தி நெய்ஜிங்’ என்னும் மருத்துவத் தொகுப்பு, இந்நோயைக் ‘கண் மூடாமை’ என்றும் ‘படுக்க இயலாமை’ என்றும் உடலின் செயலை வைத்தே குறிக்கிறது. உடலைக் காக்கும் உயிர்விசை பகலில் யாங் பகுதியில் உலவுகிறது; இரவில் யின் பகுதிக்குள் புகுகிறது. புக வழியில்லாமல் வெளியே தங்கிவிட்டால் கண் மூடுவதில்லை. இதுவே அந்நூலின் விளக்கம். முதியவர்கள் இரவில் ஏன் உறங்குவதில்லை என்ற கேள்வியையும் அது எழுப்பி, குருதியும் உயிர்விசையும் தளர்ந்து அவற்றின் பாதைகள் தடைபடுவதே காரணம் என்கிறது. கண் மூடாமைக்கு அது கூறும் மருந்து, பின்செல்லியாக் கிழங்கையும் ஒரு சிறுதானியத்தையும் சேர்த்துக் காய்ச்சும் கஞ்சி போன்ற கஷாயம். தண்ணீர் நெடுந்தொலைவு ஓடிவந்த ஆற்று நீராக இருக்க வேண்டும். அதைப் பல்லாயிரம் முறை முகந்து ஊற்றித் தெளிய வைக்க வேண்டும். நாணல் விறகில் எரிக்க வேண்டும். நோய் புதிதாயின், குடித்த கிண்ணத்தைக் கவிழ்த்து வைப்பதற்குள் உறக்கம் வந்துவிடும் என்று அந்நூல் உறுதி கூறுகிறது. இத்தனை வேலையையும் நோயாளியே செய்திருந்தால் கஷாயம் இல்லாமலும் உறங்கியிருப்பார் என்று ஐயுறுவதில் தவறில்லை.

மருத்துவர் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு கேள்விகள் தொடங்கின. படுத்தவுடன் உறக்கம் பிடிப்பதில் இடரா, பிடித்த உறக்கம் கலைவதில் இடரா? கனவு உண்டா? வாய் கசக்கிறதா? உள்ளங்கை எரிகிறதா? நெஞ்சு படபடக்கிறதா? பசி எப்படி? மலம் இளகுகிறதா? மாதவிலக்கு சீராக உள்ளதா? தில்லியில் அவர் முன்பு பார்த்த மருத்துவர் கேட்டவை இரண்டே கேள்விகள்: எத்தனை நாளாக, ஏதேனும் கவலையா. அவர் தந்த மாத்திரை வேலை செய்ததையும் சொல்லியாக வேண்டும். ஆனால் பசியையும் உறக்கத்தையும் ஒரே மூச்சில் யாரும் அவரிடம் அதுவரை கேட்டதில்லை. மூன்று மாதங்களாகச் சோறு இறங்கவில்லை என்பதை அந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் அவரே உணர்ந்தார்.

ஏட்டில் ‘புமெய்’ என்பதற்கு அருகே நோயின் கோலம் எழுதப்பட்டது: இதயமும் மண்ணீரலும் தளர்ந்த நிலை. சீன மருத்துவத்தில் இதயம் குருதியை ஆள்வதோடு நிற்பதில்லை. ‘ஷென்’ எனப்படும் உணர்வொளி தங்கும் வீடும் அதுவே. இதைப் புரிந்துகொள்ளத் தமிழருக்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ‘நெஞ்சு’ என்ற ஒரே சொல்லில் மார்பும் மனமும் நமக்கு அடங்கியிருக்கின்றன. மண்ணீரலில்தான் இடறல். சீனர் ‘பி’ என்று சொல்வது உடற்கூற்றியலின் மண்ணீரலோடு முழுதும் பொருந்தாது. உண்டதைக் குருதியாகவும் வலுவாகவும் மாற்றும் பணி முழுவதும் அதற்கு உரியது. ‘வயிறு’ என்று பெயர்த்தால் உடற்கூறு பிழையாகும், பொருள் நெருங்கும். சிந்தனைக்கு உரிய உறுப்பும் இந்த ‘பி’தான். மிகுதியாகச் சிந்தித்தால் உயிர்விசை முடிச்சிட்டுக்கொள்ளும், செரிமானம் கெடும், குருதி குறையும், இதயத்தில் குடியிருக்கும் ஷென்னுக்கு ஊட்டம் இராது, இரவில் அது தங்காது. ஆய்வேடு எழுதுவோரின் நோயை இதைவிடச் சுருக்கமாக வரைந்த மருத்துவ மரபு வேறு இருக்குமா என்பது ஐயமே. நாற்காலியில் அமர்ந்து சிந்திப்பவருக்கு முதலில் கெடுவது வயிறு என்பதை எந்த விடுதி மாணவரும் அறிவார்.

யான் யோங்ஹெ என்னும் மருத்துவர் 1253இல் தொகுத்த நூலில், மிகைச் சிந்தனையால் வரும் மறதிக்கும் படபடப்புக்கும் ‘குய்பி’ என்ற கஷாயம் கூறப்பட்டுள்ளது. மண்ணீரலை மீட்பது என்பது பெயரின் பொருள். மிங் காலத்து ஷுயே ஜி அதில் இரண்டு சரக்குகளைச் சேர்த்தார். உறக்கமின்மைக்கு அது பரவலாக வழங்கத் தொடங்கியதும் அதன் பிறகே. மாணவிக்கு எழுதப்பட்டது அதன் ஒரு திருத்தம். ஏழு நாளுக்குரிய கஷாயத்தை மருத்துவமனையின் மருந்தகமே காய்ச்சி, கையடக்க நெகிழிப் பைகளில் அடைத்துக் கொடுத்தது. காலை ஒன்று, இரவு ஒன்று. ஆற்று நீருக்கும் நாணல் விறகுக்கும் அங்கே வேலையில்லை.

சரக்குப் பட்டியலை அகராதியோடு அவர் படித்தபோது, அறியாத ஊரில் அறிந்த முகங்கள் தென்பட்டன. அதிமதுரம் இருந்தது. ‘முசியாங்’ என்றிருந்தது நம் கோட்டம். இமயத்தில் விளையும் அந்த வேர் முற்காலத்தில் இந்தியாவிலிருந்து குவாங்சோ துறைமுகம் வழியாகச் சீனாவுக்குச் சென்றது. இப்போது யுன்னானிலேயே பயிராகிறது. உறக்கத்துக்கு முதன்மையான சரக்கு ‘சுவான்சாவ்ரன்’, ஒருவகை முள் இலந்தையின் வறுத்து இடித்த பருப்பு. ஹான் பேரரசின் இறுதிக் காலத்தில் வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங்கின் பெயரால் வழங்கும் கஷாயம் ஒன்று இதன் பெயரையே தாங்கியிருக்கிறது. விலை மிகுந்த சரக்காதலால் கலப்படமும் மிகுதி. அதில் பெரும்பாலும் கலக்கப்படுவது எது தெரியுமா? பள்ளிக்கூட வாசலில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கும் நம் இலந்தையின் விதைதான். மற்றொரு சரக்கு ‘யுவென்ஜி’, பாலிகாலா இனச் செடியின் வேர். பெயரின் பொருள் ‘தொலைநோக்கும் மனவுறுதி’. முன்னாளில் இதே நோக்கத்துக்குத் தந்த மாத்திரைகள் சிலவற்றில் சாதிலிங்கம், அதாவது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த கனிமம், இருந்தது. அவருடைய பட்டியலில் அது இல்லை.

மருத்துவர் வாய்மொழியாக வேறு சிலவும் சொல்லியிருந்தார். நண்பகலுக்குப் பின் தேநீர் கூடாது. உறக்கம் எப்படியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். கைபேசி படுக்கைக்கு வரக் கூடாது. சோறு வேளைக்கு உண்ண வேண்டும். கைபேசி புதிது, தேநீர் எச்சரிக்கை பழையது. கடுந்தேநீர் உறக்கத்தைக் கெடுக்கும் என்பதை 1640இல் மறைந்த ஜாங் ஜியேபின் தம் நூலின் உறக்கமின்மை இயலிலேயே குறித்திருக்கிறார்.

விடுதித் தோழியரோ வேறு மருத்துவம் வைத்திருந்தனர். இரவு ஒன்று முதல் மூன்றுவரை கல்லீரலின் நேரம், இரண்டு மணிக்கு விழித்தால் கல்லீரலில் கோளாறு என்று படம்போட்ட செய்திகளை அனுப்பினர். பன்னிரண்டு இருமணிகளைப் பன்னிரண்டு உறுப்புத் தடங்களோடு இணைக்கும் பழைய கோட்பாட்டின் கைபேசிப் பதிப்பு அது. சீனா முழுவதும் பெய்ஜிங் நேரத்தையே பின்பற்றுகிறது. உரும்சியில் கடிகாரம் சூரியனைவிட இரண்டு மணிநேரத்துக்கு மேல் முந்தி ஓடுகிறது. அங்குள்ளவரின் கல்லீரல் எந்தக் கடிகாரத்தைப் பார்க்கும் என்று அவர் கேட்டதற்கு யாரும் விடையளிக்கவில்லை.

மூன்றாம் வாரத்தில் அவர் உறங்கினார். நான்கரை மணிநேரம், பிறகு ஆறு. இங்கேதான் கதையை முடித்துவிட ஆசை எழும். ஆனால் அவ்வாரத்தில் நிகழ்ந்தவை பல: தேநீர் நின்றிருந்தது, எழும் நேரம் நிலைத்திருந்தது, சோறு இறங்கியது, நெடுநாள் இழுத்த இயல் ஒன்று நெறியாளருக்கு அனுப்பப்பட்டிருந்தது. நாட்பட்ட உறக்கமின்மைக்கு முதற்சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது மருந்தையன்று, அறிதல்சார் நடத்தைச் சிகிச்சையை. ஒரே நேரத்தில் எழுதல், படுக்கையை உறக்கத்துக்கு மட்டும் வைத்தல் ஆகியவை அதன் உறுப்புகள். ஆகவே மருத்துவரின் வாய்மொழி வேலை செய்ததா, பைக்குள் இருந்த கஷாயமா? ஒரு நோயாளியின் மூன்று வாரங்கள் இதற்கு விடை தர மாட்டா.

பெரிய சோதனைகளும் எளிதில் தருவதில்லை. அக்குபங்சரை எடுத்துக்கொண்டால், 2012இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு 33 சோதனைகளை, 2,293 பேரை உள்ளடக்கியது. உறக்கமின்மைக்கு ஊசி உதவுகிறது என்று ஏற்கவோ இல்லை என்று மறுக்கவோ போதிய தரமான சான்று இல்லை என்பதே அதன் முடிவு. கஷாயத்தில் சிக்கல் இன்னும் ஆழமானது. சோதனை ஒரு நோயையும் ஒரு மருந்தையும் கேட்கிறது. சீன மருத்துவம் அந்த ஒரு நோயைப் பல கோலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மருந்தைத் தந்து, அதையும் வாரந்தோறும் மாற்றுகிறது. இதைத் தப்பும் வழியாகப் பயன்படுத்துவோர் உண்டு. கோலங்களை ஆராயாமலே முழு மரபையும் தள்ளுவோரும் உண்டு. நோயாளிகளைக் கோலப்படி பிரித்தும் சோதிக்கலாம். ஒரே நோயாளியிடம் இரு மருத்துவர் ஒரே கோலத்தைக் காண்கிறார்களா என்பதையும் அளக்கலாம். கேள்விகள் நுட்பமானவை என்பதால் மட்டும் விடைகள் மெய்யாகிவிடா.

பெயரை நம்பி மருந்து உண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிகழ்வு பதிவாகியிருக்கிறது. ‘ஜின் பு ஹுவான்’ என்ற மாத்திரை, வலிக்கும் உறக்கத்துக்கும் அமெரிக்கக் கடைகளில் விற்றது. ‘பொன்னுக்கும் மாற்றத் தகாதது’ என்று பொருள். ‘புமெய்’யில் உள்ள அதே எதிர்மறைதான் நடுவில் நிற்கிறது. 1993இல் கொலராடோவில் மூன்று குழந்தைகள் தவறுதலாக அதை விழுங்கி, இதயத்துடிப்பும் மூச்சும் தாழ்ந்து உயிருக்குப் போராடினர். லாஸ் ஏஞ்சலிஸில் அதை உண்ட பெரியவர்கள் சிலருக்குக் கல்லீரல் அழற்சி கண்டது. பெட்டியின் மேல் மூலப்பொருள் பாலிகாலா, அந்தத் தொலைநோக்கும் வேரின் இனம், என்று அச்சிட்டிருந்தது. உள்ளே இருந்தது அந்த இனத்துக்கே தொடர்பில்லாத, டெட்ராஹைட்ரோபால்மட்டின் என்னும் செறிவூட்டிய வேதிப்பொருள்.

தில்லிக்குத் திரும்பியபின், அடுத்த அறைத்தொகுதியில் இருந்த வரலாற்றுத் துறை மாணவர் ஒருவர் செய்தி கேட்டு வந்தார். “அக்கா, ஒரு மாதமாக உறக்கமே இல்லை. அந்த மருந்தின் பெயரை மட்டும் சொல்லுங்கள், இணையத்தில் வாங்கிக்கொள்கிறேன்” என்றார். பெயர் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. சொல்லவில்லை. பல்கலைக்கழக நலமையத்தில் மருத்துவர் இருக்கும் நேரத்தைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, “உட்கார், தம்பி. படுத்ததும் பிடிக்கவில்லையா, பிடித்தது கலைகிறதா? இரவு என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்டார்.

அவர் யோசித்தார். இரவு எதுவும் சாப்பிடவில்லை, தேநீர் மட்டும்தான் என்றார்.