அம்மாவின் கால்வலி

"வயசாயிருச்சுய்யா, கால் வலிக்கத்தானே செய்யும்" என்றார் அம்மா. முப்பது ஆண்டுகள் விடியலுக்கு முன் எழுந்து பால்மரம் வெட்டிய கால்கள் அவை. நானும் அப்படித்தான் எண்ணிக்கொண்டேன்.

சில மாதங்களுக்கு முன், கிளினிக்கில் இரத்தம் சோதித்தபோது அம்மாவுக்குக் கெட்ட கொழுப்பு கூடியிருந்தது. இரவில் சாப்பிட ஒரு மாத்திரை கொடுத்தார்கள். பெக்கான் நானாஸ் டவுனில் உறவினர் ஒருவர், "இது மருந்தே இல்ல மச்சான், இயற்கை உணவு" என்று ஒரு சத்து மாத்திரைப் புட்டியை நீட்டினார். வாங்கிக் கொடுத்தவன் நான்தான். இரண்டும் சேர்ந்தால் சீக்கிரம் குறையும் என்பது என் கணக்கு. கணக்குப் பாடம் நடத்தும் வாத்தியாரின் கணக்கு!

அடுத்த சோதனையின்போது, "வேற என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தார். பையிலிருந்த புட்டியை எடுத்து வைத்தேன்.

"சார், ஒரே குடும்பத்து மருந்தை ரெண்டு பேர்ல குடுத்திருக்கீங்க" என்றார் டாக்டர்.

விவரம் இதுதான். அரிசியில் ஒருவகைப் பூஞ்சணத்தை வளர்த்தால் அது சிவந்துவிடும். சீனர்கள் நெடுங்காலமாகச் சமையலில் நிறத்துக்குச் சேர்ப்பது அது. அந்தப் பூஞ்சண வகையிலிருந்து 1979-இல் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ கண்டெடுத்த மொனாகொலின் கே என்ற பொருளும், 1987-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த லோவாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மருந்தும் ஒன்றே. கொழுப்பைக் குறைக்கும் குணமும் உண்டு. தசையைத் தாக்கும் குணமும் உண்டு. புட்டிக்குப் புட்டி அளவு மாறும். 2024-இல் ஜப்பானில் இத்தகைய சிவப்பரிசி மாத்திரைகளைச் சாப்பிட்ட பலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, அவை திரும்பப் பெறப்பட்டன.

அம்மாவின் தசைகளும் பாதிக்கப்படத் தொடங்கியிருந்தன. புட்டியை நிறுத்தினோம். சில வாரங்களில் வலி தணிந்தது.

அன்பர்களே, சத்து மாத்திரை எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து, நாளுக்கு 3 கிராம் சேர்ந்தால் கெட்ட கொழுப்பைச் சிறிது குறைக்கும். மீனெண்ணெய் குறைப்பது டிரைகிளிசரைடு என்ற வேறு கொழுப்பை. நம் ஊர் அன்னாசியோ, பலர் நம்புவதுபோல், இரத்தக் கொழுப்பைக் கரைப்பதில்லை; அதிலுள்ள நொதி புரதத்தைத்தான் சிதைக்கும்.

வாங்கும் புட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும், அது மற்ற மருந்தோடு சேர்த்துச் சாப்பிடுவதற்கான அனுமதிச் சீட்டு அன்று. டாக்டரைக் கேளுங்கள்.

இப்போது கிளினிக்குப் புறப்படும்போது அம்மா ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொள்கிறார். சூரணம், தைலம், மாத்திரை எல்லாம் அதில் இருக்கும். "நீ மறந்தாலும் பை மறக்காதுய்யா" என்கிறார்.